கோட்டுக்குக் கீழே எழுதிய மாலுமி

சென்ற மாதம் பெனிட்டா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் முப்பத்தோராண்டு வேலை பார்த்த துறைக்கு இப்போது அவள்தான் தலைவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேரே அலமாரிக்குப் போய் ஒரு தடித்த கிரேக்கப் புத்தகத்தை உருவினாள், கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தாள், அதன்மேல் கைப்பேசியைப் பிடித்தாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் அந்தப் பக்கம் முழுவதும் தமிழில் வந்து நின்றது. அதே பக்கத்தை முதன்முறை படித்து முடிக்க எனக்கு ஒரு ஐப்பசியும் ஒரு கார்த்திகையும் ஆகியிருந்தன.

"சார், இனி நம்ம எதுக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் பதிலுக்காகக் காத்து நின்றாள்.

காப்பி போடப் போனேன். திரும்பி வந்தபோது அடுத்த வேலையை வைத்தாள். துறை மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "சேசடிமை அண்ணனுக்க கதைய எழுதுங்க சார். எனக்குக் கடைசிப் பாகம் மட்டும்தான் தெரியும்."

அதனால் எழுதுகிறேன். கிரேக்கம், இலத்தீன், அந்த மொழிகள் பேசப்பட்ட பழைய மத்தியதரைக் கடல் நாடுகளின் சரித்திரம், இவ்வளவும் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சொல்லித் தரப்படுகின்றன என்று சொன்னால், மதுரைக்கு வடக்கே யாரும் நம்புவதில்லை. மிஷன் காலத்தில் தொடங்கிய துறை. வேதாகமத்தை மூலத்தில் படிக்க விரும்பியவர்களுக்காகத் தொடங்கினார்கள். பிறகு அந்த ஆசை குறைந்துபோனது, துறை மட்டும் மீதி இருந்தது. மாடியில் கடைசி அறை. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி.

நான் இராஜாக்கமங்கலத்துக்காரன். அய்யாவழிக் குடும்பம். நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு பி.ஏ. சரித்திரம் படிக்கப் போனவன், ரோசலின் டீச்சரின் ஒரு வகுப்பில் தப்பிதமாக உட்கார்ந்துவிட்டேன். அறை எண்ணைப் பார்க்காமல் நுழைந்ததுதான் காரணம். எழுந்து போக வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் இருந்தேன். அந்த ஒரு மணி நேரம் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது. எம்.ஏ.வுக்குக் கிரேக்கம் எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் தோப்பில் ஓலை வாரிக்கொண்டிருந்தார்.

"அது எந்த ஊருக்க பாசை? அங்க தென்னை உண்டுமா?"

"இல்லப்பா. ஒலிவ மரம்தான் உண்டு."

"தேங்கா இல்லாத ஊருக்க பாசையப் படிச்சு நீ என்னல செய்யப் போற?"

பக்கத்து வீட்டார் வேறு மாதிரி கவலைப்பட்டார்கள். எப்போது ஞானஸ்நானம் என்று என் அம்மாவிடம் விசாரித்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. படித்தேன், வடக்கே ஒரு நூலகத்தில் இரண்டு வருஷம் சப்பாத்தி தின்று மேலும் படித்தேன், திரும்பி வந்து அதே மாடி அறையில் ரோசலின் டீச்சருக்குக் கீழே ஆசிரியனானேன். என் நாமத்தைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் கையெழுத்தைப் பற்றி வாராவாரம் கேட்டார்.

ரோசலின் டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குள்ளமான உருவம், பச்சை மைப் பேனா, எப்போதும் கைப்பையில் ஒரு மர ஸ்கேல். வகுப்பில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் வருகைப்பதிவேட்டைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ஒரே ஆள் "உள்ளேன்" என்று சொன்ன பிறகு, தலையை உயர்த்தி அறை முழுவதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு பதிவேட்டை மூடுவார். ஆளில்லாத இருபது நாற்காலிகளுக்கும் அதில் ஒரு மரியாதை இருந்தது.

அவருடைய துறையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பக்கத்தில் மொழிபெயர்த்தாலும், அந்தப் பக்கத்தின் கீழ்க் கால்பங்கை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஆசிரியர் சொன்னது. கோட்டுக்குக் கீழே நாம் நினைப்பது. மேலே நம் மூக்கு நுழையக் கூடாது. கீழே என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆசிரியர் புளுகுகிறார் என்றுகூட எழுதலாம். நான் ஒருமுறை ரோமாபுரிப் பேரரசர் ஒருவரைப் பற்றி, இவருக்கு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் வார்டு மெம்பர் பதவிகூடக் கிடைத்திருக்காது என்று எழுதினேன். டீச்சர் பச்சை மையில் 'காரணம்?' என்று கேட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். காரணம் எழுத இரண்டு நாள் ஆனது. கோடு இல்லாத பக்கத்தை மட்டும் அவர் திருத்தவே மாட்டார். ஒரே கேள்விதான் கேட்பார்: "கோடு எங்க?"

சேசடிமை அண்ணன் எங்களிடம் வந்தது, துறையில் இரண்டு வருஷமாக யாருமே சேராமல் நாங்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில். மாணவர் சேர்க்கையின் கடைசி நாள் மாடிப்படியில் கனத்த காலடி கேட்டது. வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, இடக்கையில் ஒரு பெரிய தழும்பு. மகனைச் சேர்க்க வந்தவர் என்று நினைத்து, "பையன் எங்கே?" என்று கேட்டேன்.

"பையன் நான்தான் சாறே," என்றார்.

வயது நாற்பத்தொன்பது. எனக்கு அப்போது முப்பத்தாறு. இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரர். இருபத்தைந்து வருஷம் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை. கை அடிபட்டுக் கரையேறிவிட்டார். கப்பலில் இருந்தபடியே அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்திருந்தார். எதற்காகக் கிரேக்கம் என்று டீச்சர் கேட்டார்.

"அந்தப் பக்கத்துத் துறைமுகத்துல எல்லாம் கெடந்திருக்கேன் டீச்சர். டவுனுக்குள்ள போனா எங்க பாத்தாலும் எழுத்து வெட்டின கல்லு. இது என்னன்னு அந்த ஊருக்காரன்கிட்ட கேட்டா, அது பழசு, எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லுவான். அவனுக்குத் தெரியலேன்னா நம்மளாவது படிப்போமேன்னு தோணிச்சு."

டீச்சர் பதிவேட்டைத் திறந்து பெயரை எழுதிவிட்டார். இரண்டாவது காரணம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை அவர் என்னிடம் சொன்னது, கடைசி ஆண்டில் ஒருநாள், கல்லூரி வாசல் கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது.

அவருடைய ஒரே மகள் ஷைனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு குளச்சல். எங்கள் மாவட்டத்தில் கல்யாணக் கார்டு அடிப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெயருக்குப் பின்னால் பட்டம், பட்டத்துக்குப் பின்னால் வேலை, எல்லாம் வரும். மணமக்களுக்கு மட்டுமில்லை, தாத்தா முதல் தாய்மாமன் வரை. ஷைனி பி.எஸ்சி. நர்சிங். மாப்பிள்ளை பி.இ. மாப்பிள்ளையின் அப்பா எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியர். அம்மா எம்.எஸ்சி. சித்தப்பாவுக்கு இரண்டு எம்.ஏ. பெண்ணின் அப்பா பெயர் மட்டும் மொட்டையாக நிற்கப் போகிறது.

"அவங்க ஒண்ணும் கேக்கல சாறே. நல்ல ஆளுங்க. ஆனா எனக்க மவளுக்க கார்டுல எனக்க பேரு அப்படி நிக்கப்படாது. பி.ஏ. இருக்கேன்னு எனக்க பெண்டாட்டி சொல்லுவா. அது தபால்ல வந்தது. இது நான் வகுப்புல இருந்து, டீச்சர் பேரு கூப்பிட்டு, உள்ளேன்னு சொல்லிப் படிச்சது. அதைத்தான் போடணும்."

தேர்வு ஏப்ரலில். முடிவு ஜூனில். கல்யாணம் ஆகஸ்டில். கோவிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கும் முன் கார்டு உறவுக்காரர் கைக்குப் போய்விட வேண்டும். கணக்குப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. பழம்பொரி இன்னொன்று வாங்கித் தந்தார்.

அவர் நல்ல மாணவர். நான் சொல்லித் தந்ததில் அவருக்கு மிகவும் பிடித்தது சுவடிப் பாடம். பழைய நூல்கள் நம்மிடம் நேரே வரவில்லை. கையால் நகல், நகலுக்கு நகல் என்று ஆயிரம் வருஷம் எழுதி எழுதி வந்தவை. எழுதியவர் தூங்கி வழிந்தால் பிழை. ஆகவே ஓர் இடம் பொருந்தாமல் நின்றால், ஆசிரியர் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துத் திருத்துவது அறிஞர் வேலை. நான் இதை ரொம்ப ரசித்துச் சொல்லித் தருவேன். சேசடிமை அண்ணன் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடைசித் தாளுக்குப் 'பார்க்காத பாடம்' என்று பெயர். வகுப்பில் வராத ஒரு பகுதியைக் கொடுத்துத் தமிழாக்கச் சொல்வோம். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண், ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. அந்த வருஷம் கேள்வித்தாள் அமைப்பது என் முறை. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு பழைய சரித்திர ஆசிரியரிடமிருந்து, கப்பல் ஒன்று புயலில் சிக்கும் பகுதியை எடுத்துப் போட்டேன். கப்பல்காரருக்குக் கப்பல். நாலு மதிப்பெண் கூட வரட்டுமே என்று என் நல்ல மனசு நினைத்தது. அந்த நல்ல மனசை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

தேர்வு எழுதியவர் ஒருவர். இருந்தாலும் விதி விதிதான். அவருடைய பதிவெண்ணைக் கிழித்தெடுத்து, யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்க ஏழு இலக்கத்தில் ஒரு மறைவெண் ஒட்டி, மூடி முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். நானும் முத்திரையை உடைத்து, யாருடைய தாளாக இருக்கும் என்று தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படித்தேன்.

மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூலத்தில் நடப்பது இது. காற்று கரையை நோக்கி அடிக்கிறது. மாலுமி பயந்துபோய், பாய்களை முழுசாக விரித்து, பக்கத்தில் தெரியும் கரையை நோக்கிக் கப்பலை ஓடவிடுகிறான். எல்லாரும் பிழைக்கிறார்கள். சேசடிமை அண்ணனின் தாளில் மாலுமி பாய்களைச் சுருட்டிவிட்டு, கப்பலை ஆழ்கடலுக்குத் திருப்பிவிட்டான். அதோடு நின்றிருந்தால் ஒரு வாக்கியம் போகட்டும் என்று விடலாம். கப்பல் எதிர்த் திசையில் போனதால் மற்றதையெல்லாம் அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டி வந்திருக்கிறது. மூலத்தில் பயணிகள் மணற்கரையைக் கண்டு மகிழ்கிறார்கள். இவருடைய தாளில் விடியலைக் கண்டு மகிழ்ந்தார்கள். மூலத்தில் கரையில் நின்ற ஊர்க்காரர்கள் கைதட்டுகிறார்கள். நடுக்கடலில் ஊர்க்காரர்களுக்கு எங்கே போவது? அலைகள் கைதட்டின என்று எழுதிவிட்டார்.

தாளை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். பிறகு அறுபத்தொன்று போட்டேன். வெளியூரிலிருந்து ரயிலேறி வந்த இரண்டாவது தேர்வாளர் முப்பத்தெட்டு போட்டார். இவ்வளவு வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆள் திருத்த வேண்டும், அவர் போடுவதுதான் செல்லும். எங்கள் பாடத்துக்கு மூன்றாவது ஆள் என்று அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான் உண்டு.

டீச்சர் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மணி, இந்த அறுபத்தொண்ணு எதுக்குப் போட்ட மார்க்கு? பேப்பருக்கா, கல்யாணத்துக்கா?"

என் முழுப்பெயர் வைகுண்டமணி. அவர் மணி என்று கூப்பிட்டால் நான் மறுபடியும் பி.ஏ. மாணவன் ஆகிவிடுவேன்.

"ரெண்டுக்கும்தான் டீச்சர்."

"கல்யாணத்துக்கு மார்க்கு போட நமக்கு அதிகாரம் இல்ல மக்கா."

"டீச்சர், இவரு ஒருத்தர்தான் நாலு வருசத்துல நமக்குக் கெடச்ச ஆளு. இவரும் தோத்தா துறைய மூடிருவாங்க. மாடியில தண்ணித்தொட்டி மட்டும்தான் மிச்சமிருக்கும்."

"மூடட்டும். கோடு இல்லாத பேப்பருக்கு நான் பாஸ் போட மாட்டேன்."

நாற்பத்து நாலு போட்டுக் கையெழுத்திட்டார். அன்றைக்கு அவரிடம் பேசாமல் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு இரண்டு நாளும் பேசவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். அதைவிட என்மேல்.

முடிவு வந்த அன்று சேசடிமை அண்ணன் பலகையைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்தார். கோபமில்லை, அழுகையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைத்தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். அச்சகத்தில் கார்டு தயாராக நிற்கிறது, பெயருக்குப் பின்னால் மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள் என்றார். அச்சகக்காரர், 'எம்.ஏ. போட்டுருவோம் அண்ணாச்சி, யாரு பாக்கப் போறா' என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பாக்க ஆளில்லேன்னா பின்ன எதுக்குப் போடணும்னு கேட்டேன்." அதோடு இதையும் சொன்னார்: "சம்பந்திக்கும் விசயம் தெரிஞ்சிட்டு சாறே. ஃபோன் பண்ணி, பேரு மட்டும் போட்டாலும் ஒரு குறையும் இல்லேன்னு ஆறுதல் சொன்னாரு. அதைத்தான் தாங்க முடியல."

டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "ரெண்டு பேரும் கிளம்புங்க. வட்டக்கோட்டைக்குப் போவோம்."

அது எங்கள் துறை வழக்கம். பழங்காலக் கடற்பயணம் பற்றிய பாடத்தை டீச்சர் ஆண்டுதோறும் கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டையின் மதில்மேல் வைத்துத்தான் நடத்துவார். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கோட்டைக்குக் கூட்டமாக வந்திருந்த சுற்றுலாக்காரர்களுக்கு நடுவே, மதில் ஓரத்தில் நின்று டீச்சர் சேசடிமை அண்ணனிடம் கேட்டார்:

"இப்ப சொல்லுங்க. கப்பலை ஏன் திருப்பினீங்க?"

அவர் கீழே பாறைகளைக் காட்டினார். அலை ஒவ்வொன்றும் வந்து மோதித் தூள் தூளாகிக்கொண்டிருந்தது.

"கரையில பாருங்க டீச்சர், எப்படி உடையுதுன்னு. இனி அங்க தூரத்துல பாருங்க. அதே அலதான். பொங்குது, தாழுது, உடையல்ல. காத்து கரைக்கு அடிக்கயில பாய விரிச்சுக் கரைக்கு ஓடினா, அடிச்சுப் பாறையில சாத்திரும். ஒருத்தன் மிச்சமிருக்க மாட்டான். ஆளைக் கொல்லுகது கடலில்ல, கரைதான். பாயச் சுருட்டிட்டு, அணியத்த அலைக்கு நேரா வச்சு, ஆழத்துக்குப் போவணும். எங்க ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

அணியம் என்றால் கப்பலின் முன்பக்கம். டீச்சர் தலையாட்டினார்.

"சரி. ஆனா அந்த ஆளு அப்படி எழுதலையே?"

"எழுதினவரு தப்பா எழுதியிருக்க மாட்டாருன்னு நினைச்சேன். பொறவு நகல் எடுத்த யாரோ தூக்கத்துல தப்பா எழுதியிருப்பான், நம்ம திருத்தணும்னு நினைச்சேன். சாறுதானே சொல்லித் தந்தாரு."

மதிலிலிருந்து குதித்துவிடலாமா என்று எனக்கு இருந்தது.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. "உங்க கடல் சரி சேசடிமை. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த மனுசன் ரெண்டாயிரம் வருசமா ஒரே ஒரு தடவை பேச வாய்ப்புக் கேட்டு நிக்குறான். தப்போ சரியோ, முதல்ல அவன் பேசி முடிக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க பேசுங்க. அதுக்குத்தானே எடம் விட்டிருக்கேன்? கோடு எங்க?"

சேசடிமை அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"கப்பலைக் கண்டதும் கோடு மறந்துட்டு டீச்சர்."

அப்போதுதான் எனக்கு டீச்சர்மேல் இருந்த கோபம் போனது. ஒரே தாளில் தவறிய கடைசி ஆண்டுக்காரர்களுக்கு உடனடித் துணைத்தேர்வு ஒன்று உண்டு. இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதன் முடிவும் ஓலை வாசிப்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அச்சகத்தைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர் ஸ்கேல் வாங்கக் கடைக்குப் போனார்.

இந்தத் தடவை அவர் எதையும் திருத்த முடியாத பகுதியாகப் பார்த்துக் கொடுப்போம் என்று நான் தீர்மானித்தேன். கடலே இல்லாத பகுதிகளாகத் தேடி டீச்சர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். முதலில் தேனீ வளர்ப்பு.

"அவருக்க மச்சான் மார்த்தாண்டத்துல நூறு தேன்பெட்டி வச்சிருக்கான்," என்றார் டீச்சர். "தேனீயைத் திருத்துவாரு."

அடுத்து வைத்தியம் பற்றி ஒரு பகுதி.

"டாக்டர் இல்லாத கப்பல்ல ஊசி போட்டது அவருதானாம். போன வாரம்தான் சொன்னாரு."

கடைசியில் ஒரு நீதிமன்றப் பேச்சைக் கொண்டுபோனேன். ஊரில் சண்டை வந்தால் சமாதானம் பேசி வைப்பது யார் என்று டீச்சர் கேட்டார். நான் தாள்களை அள்ளிக்கொண்டேன். அந்த மனிதருக்கு உலகத்தில் ஏதோ ஒன்றாவது தெரியாமல் இருக்கக் கூடாதா?

"நீ விடு மணி. நான் பாத்துக்கிடுறேன்," என்று டீச்சர் தானே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தார். தேர்வன்று கேள்வித்தாள் உறை பிரிந்த பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். அதே ஆசிரியர். மறுபடியும் கப்பல். மறுபடியும் புயல்.

மாடிக்கு ஓடினேன். "டீச்சர், என்ன காரியம் செஞ்சிருக்கீங்க?"

"தனக்குத் தெரியாத விசயத்துல வாய மூடிட்டு இருக்க யாராலயும் முடியும்," என்றார். "தெரிஞ்ச விசயத்துல இருக்க முடியுதான்னு பாக்கணும். அதுக்குத்தான் பட்டம்."

அந்த மூன்று மணி நேரமும் நான் தேர்வு அறைக்கு வெளியே நடந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது சேசடிமை அண்ணன் எழுதவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கேள்வித்தாளை முறைத்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. வைகிறார் என்று தெரிந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, மறுபடியும் மறைவெண், மறுபடியும் முத்திரை. விடைத்தாள் திருத்தும் கூடத்தில் நானும் ரயிலில் வந்த அதே வெளியூர்க்காரரும் அடுத்தடுத்த மேசை. அவர் முதலில் திருத்தினார். வேதியியல்காரர்களும் கணிதக்காரர்களும் தலைகுனிந்து திருத்திக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில், அவர் திடீரென்று சத்தமாகச் சிரித்தார். அங்கே யாரும் சிரிப்பதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுபத்திரண்டு போட்டு, தாளை அலுவலர் வழியாக என் மேசைக்கு அனுப்பினார்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். மேலே அச்சு அசலான மொழிபெயர்ப்பு. புயலில் கப்பலின் பாரம் குறையட்டும் என்று மாலுமி அடித்தளத்தில் கிடந்த கனத்த கற்களையெல்லாம் எடுத்துக் கடலில் எறிகிறான். கப்பல் இலேசாகி நிமிர்ந்து ஓடுகிறது. எல்லாரும் பிழைக்கிறார்கள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அதன்கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு. கோட்டுக்குக் கீழே, அழுத்தி எழுதிய எழுத்தில்:

'கப்பலை நிமிர்த்தி வைப்பதே அடியில் கிடக்கும் இந்தக் கற்கள்தான். இவற்றை எறிந்தால் கப்பல் அப்போதே கவிழும். மேற்படி ஆசிரியர் வாழ்க்கையில் கப்பல் ஓட்டியவர் அல்லர். ஓட்டியவரிடம் கேட்டவரும் அல்லர். வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்த பயணி ஒருவரிடம் கேட்டு எழுதியிருக்கிறார். இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே மேலே எழுதியிருக்கிறேன். மிகவும் கஷ்டப்பட்டு எழுதினேன்.'

நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. எழுபது போட்டேன். கல்யாணத்துக்காக ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. முடிவு வந்ததும் டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, கோட்டுக்குக் கீழே இருந்ததைத் தன் சொந்த நோட்டில் பச்சை மையில் எழுதி வைத்துக்கொண்டார். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தம்பி வீட்டில் இருக்கிறார். நான் எழுதும் கடிதங்களைத் திருத்தித்தான் திருப்பி அனுப்புகிறார். அந்த நோட்டு இன்னும் தலைமாட்டில் இருக்கிறது.

கார்டு வந்தது. சேசடிமை அண்ணனே மாடிக்குக் கொண்டுவந்து, டீச்சருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டு கையாலும் தந்தார். மஞ்சள் அட்டையில் தங்க எழுத்து. மாப்பிள்ளை வீட்டாரின் பட்டங்களெல்லாம் வரிசையாக வந்த பிறகு, இந்தப் பக்கம் 'சேசடிமை, எம்.ஏ. (கிரேக்கம்)'. அடைப்புக்குறி தன்னுடைய யோசனை என்று சொன்னார். வெறும் எம்.ஏ. என்று போட்டால் ஆள் என்ன படித்தார் என்று தெரியாமல் போய்விடுமாம்.

இனயத்தில் கல்யாணத்துக்குப் போனோம். கோவில் வாசலில் டீச்சரை ஒரு பெரிய கூட்டம் சூழ்ந்துகொண்டது. கிரேக்கம் எங்கே சொல்லித் தருகிறார்கள், சேர வயது வரம்பு உண்டா, மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவர் சேரலாமா, இப்படி. அந்தக் கார்டு கடற்கரை முழுவதும் போயிருந்தது. வளைகுடா வரைக்கும் போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, எம்.ஏ., பி.எட்., என்னைத் தனியாக அழைத்து, "எங்க சம்பந்தி சாப்பாட்டுப் பந்தியில கல்வெட்டு பத்திப் பேசிட்டு இருக்காரு சார், யாரையும் எந்திரிக்க விடமாட்டேங்காரு" என்று புகார் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான்.

அடுத்த வருஷம் துறையில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி, குளச்சலிலிருந்து இரண்டு பேர், மிக்ஸி ரிப்பேர்க்காரர். ஐந்தாவது ஆள், அச்சகக்காரருடைய மகள். அப்பாவின் அச்சகத்தில் கணினியில் கார்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தவள். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு பெயருக்குப் பின்னால் வெற்றிடத்தைப் பார்த்துப் பார்த்து, அங்கே என்னதான் வரப் போகிறது என்று காத்திருந்து, கடைசியில் 'எம்.ஏ. (கிரேக்கம்)' என்று தன் கையாலேயே அடித்தவள். அவள்தான் பெனிட்டா.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு நேற்று அவளை வரச் சொன்னேன். கல் எறியும் பகுதியை எடுத்து முன்னால் வைத்து, உன் கைப்பேசியில் இதைக் காட்டு என்றேன். காட்டினாள். கற்களை எறிந்தான், கப்பல் இலேசானது, எல்லாரும் பிழைத்தார்கள். சுத்தமான தமிழ், ஒரு குறை சொல்ல முடியாது. நான் போட்ட எழுபதுக்கு மேலேயே போடலாம்.

"எப்படி சார் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மக்கா. கோடு எங்க?"

அவளும் ரோசலின் டீச்சரிடம் கோடு போட்டுப் படித்துத் தேறியவள்தான். கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்தாள், மொழிபெயர்ப்பை ஒரு தாளில் பெயர்த்து எழுதினாள், அதன் கீழே நீளமாக ஒரு கோடு போட்டாள்.

"கீழ என்ன சார் எழுத?"

இனயத்துக்கு ஒரு ஃபோன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் வைத்தாள். சேசடிமை அண்ணனுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே எடுத்தார். நானும் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பெனிட்டா முழுவதையும் வாசித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளை அதட்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் பய இன்னுமா சாறே கல்ல எறிஞ்சிட்டு இருக்கான்?" என்றார்.